இன்று காலை பதினெட்டுக் கிலோ

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அங்கம்மாவைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போன செவ்வாய்க்கிழமை, அவள் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருந்தாள். ஒன்று, வெள்ளவத்தைச் சந்தைக்குப் போகிற வழியில் மறித்து ஏற்றிய ட்ரக்கில், மீன் வாங்கக் கொண்டுபோன கோரைப் பன்பையோடு. மற்றது, மலைநாட்டில் ஸ்டோன்பரி தேயிலைத் தோட்டத்து மேல்பிரிவில், பதினெட்டுக் கிலோ கொழுந்தோடு. முதலாவது இடத்தில் அவளை வைத்தது பொலிஸ். இரண்டாவது இடத்தில் வைத்தவன் நான்.

நான் ஒரு விவசாயப் பொருளியலாளர். பயப்பட வேண்டாம், யாருடைய வயலுக்கும் நான் தீங்கு செய்ததில்லை. எந்த வயலுக்கும் போனதில்லை. கொள்ளுப்பிட்டியில் ஒரு நிறுவனத்தில் இருபத்திரண்டு வருடங்களாக, கடல் தெரியும் யன்னலுக்குப் பக்கத்தில் இருந்து, கிராமங்களைப் பற்றி எழுதுகிறேன். என் பெயர் நாகேந்திரம். பெயருக்கு முன்னால் ஒரு கலாநிதிப் பட்டமும் உண்டு. அது அந்த வாரம் முழுவதும் என் கழுத்தில் கட்டிய தகர டப்பா மாதிரிச் சத்தம் போட்டது.

அந்த வருடம் 1998. அந்த வியாழக்கிழமை என் அறிக்கை வெளியாக இருந்தது. தலைப்பு: ‘தொழில்நுட்பப் புத்தாக்கமும் கிராமிய வேலைவாய்ப்பு வளர்ச்சியும்’. விஷயம் இவ்வளவுதான். கையால் கொழுந்து பறித்த பெண்களுக்கு, முன்னால் தட்டுப் பொருத்திய ஒரு கத்தரியை வெளிநாட்டுத் திட்டம் ஒன்று வாங்கிக் கொடுத்தது. கத்தரியால் வெட்டினால் மூன்று பேருடைய கொழுந்தை ஒருத்தி எடுத்துவிடலாம். அப்படியானால் மற்ற இரண்டு பேரும் என்ன ஆவார்கள் என்று திட்டக்காரர்கள் நியாயமாகக் கேட்டார்கள். ஒருத்திக்கும் வேலை போகக்கூடாது என்று நிபந்தனை வைத்தார்கள். போகவில்லை என்று நிரூபித்தேன் நான். ஏழாம் அட்டவணை. வேலைவாய்ப்பு ஆறு வீதத்தால் வளர்ந்தும் இருந்தது.

எப்படி நிரூபித்தேன் என்பதைச் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். நாலு மாதத்துக்கு முன் ஸ்டோன்பரிக்குப் போனேன். மழை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஏறும் பாதையில் ரத்தம் உறிஞ்சும் அட்டை இருக்கும் என்று சாரதி சொன்னான். யுத்தத்துக்குள்ளால் ஆனையிறவு தாண்டி நாலு தரம் வந்துபோன யாழ்ப்பாணத்தான் நான். அட்டை என்றதும் காற்சட்டையைச் சொக்சுக்குள் செருகிக்கொண்டு துரையின் பங்களாவிலேயே இருந்துவிட்டேன். பெரிய கிளாக்கர் செக்ரோலைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். செக்ரோல் என்றால் அன்றன்றைக்கு வேலைக்கு வந்த ஒவ்வொருத்தியின் பெயரும், அவள் எடுத்த கொழுந்தின் நிறையும் எழுதும் புத்தகம். கூடவே தேத்தண்ணியும் பொரித்த பற்றிஸும் வந்தன. நான் பெயர்களைப் பிரதிபண்ணினேன். கீழே கையெழுத்தும் போட்டேன். ‘களஆய்வு’ என்று அறிக்கையில் எழுதியிருப்பது அந்த இரண்டரை மணித்தியாலத்தைத்தான்.

அந்தப் பயணத்துக்கு எனக்கு இடியப்பப் பார்சல் கட்டித் தந்தவள் அங்கம்மா. அப்போது அவள் எங்கள் வீட்டுக்கு வந்து ஐந்து மாதம். எந்தத் தோட்டத்துப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை. எங்கே போகிறேன் என்று அவளுக்குச் சொல்லவும் இல்லை.

செவ்வாய் மத்தியானம் மனைவி சரோஜினிதேவி நிறுவனத்துக் கந்தோருக்கு போன் எடுத்தாள்.

“அங்கம்மாவைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்களப்பா. மீன்காரன் ஹாஷிம் வந்து சொன்னவர். ஐடென்ரிகாட் இல்லையெண்டு ஏத்தினதாம்.”

“எங்கட வீட்டில ஆரார் இருக்கினம் எண்டு பொலிசுக்குக் குடுத்த பதிவில அவளின்ர பேர் இருக்குத்தானே?”

“இருக்கு. நான்தான் நிரப்பினனான். தோட்டத்து விலாசமும் போட்டிருக்கிறன். நீங்கள்தானே கையெழுத்து வைச்சனீங்கள்.”

வைத்தேன். வாசிக்கவில்லை. ஆராய்ச்சியாளர்கள் தாங்கள் கையெழுத்து வைப்பதை வாசிப்பதில்லை.

பொலிஸ் நிலையத்தில் ஒரு சார்ஜன்ட் இருந்தார். வயதானவர், அலுத்துப்போனவர், மரியாதை தெரிந்தவர். பேச்செல்லாம் சிங்களத்தில்.

“மாத்தயா, நாங்கள் சும்மா பிடித்து வைக்கவில்லை. உங்கள் படிவத்தில் இருக்கிற தோட்டத்துக்கு ஃபேக்ஸ் அடித்துக் கேட்டோம். பதில் வந்துவிட்டது. பாருங்கள்.”

ஃபேக்ஸ் தாள் இன்னும் சுருண்டுகொண்டிருந்தது. ஸ்டோன்பரி தோட்டம், மேல்பிரிவு. அங்கம்மா, பதிவு இலக்கம் முப்பத்தேழு. நிரந்தரத் தொழிலாளி. இன்று காலை வேலைக்குச் சமுகமளித்துள்ளார். பதினெட்டுக் கிலோ.

எனக்கு அந்த முப்பத்தேழு தெரிந்தது. என் பிரதியில், என் சொந்தக் கையெழுத்தில், பற்றிஸ் எண்ணெய் பட்ட விரலால் எழுதிய முப்பத்தேழு.

“அங்கம்மா தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள்,” என்றார் சார்ஜன்ட். “அப்படியென்றால் உள்ளே இருக்கிறவள் யார்? மலைநாட்டுப் பெயரோடு வடக்கிலிருந்து புலிகளின் ஆட்கள் வருவது உங்களுக்கும் தெரியும். நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குள் தெளிவாகாவிட்டால் தடுப்புக் கட்டளை. அதற்குப் பிறகு என்னுடைய கையில் இல்லை.”

தடுப்புக் கட்டளை என்றால் மூன்று மாதம். பிறகு இன்னும் மூன்று மாதம். அதற்குள் என்னவும் நடக்கலாம். நடந்தவற்றைப் பற்றி வெள்ளவத்தையில் யாரும் உரத்துக் கதைப்பதில்லை.

நிலையத்து மேசைத் தொலைபேசியிலேயே தோட்டத்துப் பெரிய கிளாக்கரைப் பிடித்தேன்.

“வணக்கம் சேர். நம்ம அறிக்கை நல்லா வந்திருக்குன்னு கேள்விப்பட்டேன்.”

“அங்கம்மா இஞ்ச நிக்கிறாள். ஒன்பது மாதமா என்ர வீட்டில வேலை செய்யிறாள். நீங்கள் இண்டைக்குப் பதினெட்டுக் கிலோ எண்டு எழுதியிருக்கிறீங்கள்.”

மறுபக்கத்தில் புத்தகத் தாள் புரளும் சத்தம் கேட்டது.

“அது வேற அங்கம்மாவா இருக்கும் சேர்.”

“ஐசே, விளையாடாதையும்.”

“சேர், நீங்களே வந்து பாத்து, நீங்களே கையெழுத்துப் போட்டு எடுத்த லிஸ்டுங்க. அதுல இல்லைன்னு நான் எப்புடிச் சொல்றது? உங்களுக்குத்தானே கெட்ட பேரு.”

போனை வைத்துவிட்டார். எனக்கு இருந்த கோபத்தில் அந்த மேசையைத் தூக்கி எறிந்திருப்பேன். மேசை பொலிஸ் மேசை. ஆகவே நன்றி சொல்லிவிட்டு எழும்பினேன். என்னுடைய வீரத்தின் உச்சம் வழக்கமாக அதுதான்.

அங்கம்மாவைப் பார்க்க ஐந்து நிமிடம் தந்தார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம், மடித்த பன்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு முப்பத்தொரு வயது. பயத்தில் வாய் மூடுகிற ஆள் இல்லை, திறக்கிற ஆள்.

“ஐயா, நான் தோட்டத்துல கொழுந்து பறிக்கிறேனாமே. நல்லதுங்க. அப்ப காலையில உங்களுக்குச் சம்பல் அரைச்சது யாருங்க?”

“அங்கம்மா, ஏன் அங்கயிருந்து வந்தனீ?”

“கத்தரி வந்துச்சுங்க. மூணு பேருக்கு ஒரு கத்தரி. கத்தரி கெடைச்சவ நின்னா, கெடைக்காதவளுக்கு இன்னைக்கு வேலை இல்ல, நாளைக்கு வான்னாங்க. ரெண்டு மாசம் நாளைக்கு நாளைக்குன்னு போனேன். பொறவு கொழும்புக்கு வந்தேன்.”

“உன்ர பேர் அங்க இன்னும் இருக்கு.”

“பேரு இருந்தா? சம்பளம் வேற எவனோ வாங்குறான் போல.” கம்பியைப் பிடித்தாள். “ஐயாவுக்கு எப்புடித் தெரியும்?”

நான் சொன்னேன். இப்படி ஒரு அறிக்கை, இப்படி ஒரு செக்ரோல், நாலு மாதத்துக்கு முன் நான் போனது எல்லாம்.

“எங்க தோட்டத்துக்கா? எங்க லயத்துக்கு வந்தீங்களா?”

“பங்களாவுக்கு.”

“ஓ. பங்களாவுக்கு.”

“அட்டை...” என்றேன். ஏன் சொன்னேனோ தெரியாது.

அங்கம்மா என்னை நன்றாகப் பார்த்தாள். “அட்டை கடிச்சா ரெண்டு சொட்டு ரெத்தம் போகும், ஐயா. தேசிக்காய்ச் சாறு தடவுனா உழுந்துரும். அம்புட்டுத்தான்.”

கொள்ளுப்பிட்டிக்குத் திரும்பும்போது மூன்றரை. பணிப்பாளர் பூபாலசிங்கம் வியாழக்கிழமைக்கான பேச்சைத் திருத்திக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், எனக்குப் படிப்பித்தவர், அடுத்த உதவிப் பணிப்பாளர் பதவியை எனக்கென்று வைத்திருந்தவர். முழுவதையும் சொன்னேன். சொல்லச்சொல்ல அவர் பேனாவை மூடினார்.

“எத்தினை பேர் ஐசே இப்பிடி?”

“தெரியாது சேர். கத்தரி எத்தினை, கொழுந்து எத்தினை எண்டு பிரிச்சுப் பாத்தால் அறுபத்துமூண்டு பேர் வரை இருக்கவேணும். ஒருத்தி வெட்டினதை மூண்டு பேருக்குப் பிரிச்சு எழுதுறாங்கள்.”

“இதை இப்பதான் பிரிச்சுப் பாத்தனீரோ?”

“பஸ்ஸில வரேக்க.”

எழும்பிப்போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “நீர் ஏழாம் அட்டவணையை எடுத்தால் அறிக்கை இல்லை. அறிக்கை இல்லாட்டி இரண்டாம் கட்டத் திட்டம் இல்லை. இந்தக் கந்தோரில இருபத்தாறு பேர் வேலை செய்யினம், நாகேந்திரம். அவையளின்ர வேலைவாய்ப்பையும் ஒருக்கா யோசியும்.”

“அந்தப் பிள்ளையை நாளைக்கு மத்தியானம்...”

“அந்தப் பிள்ளையைக் கைவிடச்சொல்லேல்லை. எழுதுவம். இலக்கம் முப்பத்தேழு பிழையாய்ப் பதியப்பட்டிருக்கு, பிரதிபண்ணேக்க நேர்ந்த தவறு. ஒரு ஆளுக்கு மட்டும். நானே கையெழுத்து வைக்கிறன். சீலும் குத்துவம். காணுமோ?”

எனக்கு அந்த நேரம் அது போதுமாகவே இருந்தது. அதை ஒளிக்கப்போவதில்லை. நான் உள்ளுக்குள் அவருக்கு நன்றி சொன்னேன். ஒரு பெண்ணும் வெளியே வருவாள், என் பதவியும் உள்ளே இருக்கும். ஒருவருக்கும் நட்டமில்லாத தீர்வு என்று நாங்கள் வகுப்பில் படிப்பிப்போமே, அதுதான். அறுபத்திரண்டு பெயர் மட்டும் மிச்சம். பெயர்கள்தானே.

புதன்கிழமை பதினொரு மணிக்கு அங்கம்மாவை விட்டார்கள். சார்ஜன்ட் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். கந்தோருக்கு போன் எடுத்துப் பூபாலசிங்கத்தோடு கதைத்தார். பிறகு ஒரு பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, “மாத்தயாவின் புத்தகத்தில் பிழை இருந்தால் கொஞ்சம் நேரத்தோடு திருத்துங்கள்,” என்றார். ஏளனம் இல்லை. புத்திமதிதான். அதனால்தான் சுட்டது.

காலி வீதியில் நடந்து வந்தோம். அங்கம்மா என்னோடு பக்கத்தில் நடக்கவில்லை. இரண்டடி பின்னால், வழக்கம்போல. அங்கிருந்தே கேட்டாள்.

“அந்தக் கடதாசியில என்ன எழுதியிருக்கு, ஐயா?”

“உன்ர பேரைப் பிழையாய் எழுதிப்போட்டம், நீ அங்க வேலை செய்யேல்லை எண்டு.”

“என் பேரு மட்டுமா?”

“இப்போதைக்கு.”

பின்னால் நடைச்சத்தம் நின்றது. திரும்பினேன். நகைக்கடை வாசலில், மடித்த பன்பையோடு நின்றாள்.

“எங்க அக்கா பழனியம்மா கொட்டாஞ்சேனையில பேர்ணடெற் அம்மா வீட்டுல இருக்கா. அவளுக்கும் ஐடென்டி காட் இல்ல. அவளும் மேல்பிரிவுதான். நாளைக்கு அவளைப் பிடிச்சா அவ எத்தனை கிலோ, ஐயா?”

நான் நகைக்கடைக் கண்ணாடிக்குள் இருந்த விலைச்சீட்டுகளை வாசித்தேன்.

“என்னைய எடுத்துவிட்டுட்டு அவுங்க எல்லாரையும் அங்கனயே எழுதி வச்சிருக்கீங்க. இப்ப கூடக் கொஞ்சம் மோசம்ங்க. பிழை ஒண்ணே ஒண்ணுதான்னு பொலிசுக்கு எழுதிக் குடுத்துட்டீங்க. அடுத்தவ போய் நானும் தோட்டத்துல இல்லைன்னா, யாரு நம்புவா?”

கள ஆய்வு, மாதிரியெடுப்பு, பிழை எல்லை என்று இருபத்திரண்டு வருடம் உழைத்த எனக்கு அது தோன்றவில்லை. ஒரு விதிவிலக்கைக் காட்டியதால் மற்ற அறுபத்திரண்டையும் நான் இன்னும் உறுதியாக நிரூபித்திருந்தேன்.

அன்று மத்தியானமே எங்கள் குசினியில் என் வாழ்க்கையின் முதல் களஆய்வு நடந்தது. நான் என் பிரதியோடு மேசைக்கு முன்னால் குந்தினேன். அங்கம்மா நின்றாள். இருக்கச் சொன்னேன், மாட்டேன் என்றாள். சரோ கதிரையை இழுத்து அவளுக்குப் பின்னால் வைத்துவிட்டு, “கால் நோகும், இரு. இவர் எழுதி முடிக்கப் பொழுதுபடும்,” என்றாள். அப்போதுதான் இருந்தாள்.

“இலக்கம் பன்னிரண்டு. சீனியம்மா.”

“வத்தளையில காமண்ட்ஸ்ல சட்டை தைக்கிறா. ரெண்டு பேரோட ரூம் எடுத்து இருக்கா.”

“பதினாலு. லெச்சுமி.”

“எந்த லெச்சுமிங்க? அஞ்சாம் லயமா? அவ குவைத்துக்குப் போயிட்டா.”

“பதினாறு கிலோ எண்டு போட்டிருக்கு.”

“குவைத்துல தேயிலை இருக்காங்க?”

சரோ சிரித்தாள். அங்கம்மா சிரிக்கவில்லை. நானும் சிரிக்காமல் குனிந்து எழுதினேன். இருபத்தொன்று, இருபத்திரண்டு. களனியில் ஒருத்தி, கடைக்குப் பின்னால் அறையில். தெகிவளையில் இருவர். ஒருத்தி கலியாணம் முடித்துப் பண்டாரவளையில். ஒருத்தி எங்கே என்று யாருக்கும் தெரியாது.

“இருபத்தொன்பது. தாயம்மா.”

“தாயம்மா அக்காவா? அவுங்க மாசியில செத்துட்டாங்க, ஐயா.”

நான் நாலு மாதத்துக்கு முன் போனது ஆனியில். பக்கத்தில் என் எழுத்து இருந்தது. “பத்தொன்பது கிலோ,” என்றேன்.

அங்கம்மா முந்தானையால் மேசையை ஒருதரம் துடைத்தாள். பிறகு, “உசிரோட இருக்கையில அவுங்க பதினஞ்சைத் தாண்டுனதே இல்லைங்க,” என்றாள்.

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. அதற்கு முதல் வந்ததெல்லாம் கோபம் இல்லை, பயம். என்னுடைய பெயருக்கு என்ன ஆகும் என்ற பயம். தாயம்மாவை நான் ஒருநாளும் கண்டதில்லை. அவள் செத்த பிறகும் அவளைக் கொழுந்துக் கூடையோடு மலை ஏற்றி, உயிரோடு இருந்தபோது அவளால் முடியாத நிறையைச் சுமக்க வைத்து, அதை ஆறு வீத வளர்ச்சி என்று மூன்று மொழியில் அச்சடித்தவன் நான். பெரிய கிளாக்கர் கள்ளன், சரி. கள்ளனுக்கு ஏணி பிடித்தவனுக்கு நல்ல தேத்தண்ணி கொடுத்திருக்கிறார்கள்.

இந்தப் பட்டியலை அப்படியே பொலிசில் கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று யோசித்தேன். அங்கம்மா வேண்டாம் என்றாள். சரியாகச் சொன்னாள். காட் இல்லாத ஐம்பது தமிழ்ப் பெண்கள் கொழும்பில் எங்கெங்கே தூங்குகிறார்கள் என்று நானே எழுதிக் கொடுத்தால் அடுத்த ட்ரக்குக்கு வழி காட்டினது மாதிரி. ஆகவே வேறு வேலை செய்தேன். என் வீட்டு மேசை லாச்சியில் நிறுவனத்துக் கடிதத்தாள் ஒரு கட்டு இருந்தது. சீலும் இருந்தது, சனிக்கிழமைகளில் வீட்டில் இருந்து வேலை செய்கிற பெருமைக்காக எப்போதோ கொண்டுவந்தது. ஒவ்வொருத்திக்கும் ஒரு கடிதம், சிங்களத்திலும் தமிழிலும்:

இவர் ஸ்டோன்பரி தோட்டத்தில் தற்போது வேலை செய்யவில்லை. அவ்வாறு கூறும் தோட்டத்துப் பதிவு பொய்யானது. அதை ஆதாரமாகக் கொண்ட எமது அறிக்கையும் பிழையானது. இதேபோன்ற ஒருவர் தொடர்பாக எமது பணிப்பாளர் ஏற்கெனவே பொலிசாருக்கு அளித்த கடிதத்தையும் பார்க்கவும்.

கீழே என் பெயர், பட்டத்தோடு. அந்தப் பட்டம் முதல்முறையாக ஒரு பிரயோசனத்துக்கு வந்தது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஹோட்டலில் அறிக்கையை வெளியிட்டார்கள். தமிழ்ச் சுருக்கத்தை வாசிக்க வேண்டிய நான் அந்த நேரம் கொட்டாஞ்சேனையில், பேர்ணடெற் வீட்டுப் பின்படியில், அங்கம்மாவுக்குப் பக்கத்தில், கழுத்துப் பட்டியோடு நின்றேன். பழனியம்மா கடிதத்தை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தாள்.

“இவர்தான் ஒன் ஐயாவா?” என்று தங்கச்சியிடம் கேட்டாள்.

“ஆமாக்கா. நம்மள எல்லாம் தோட்டத்துல வச்சவரு.”

“இப்ப?”

“இப்ப எறக்கி விடுறாரு. ஒவ்வொருத்தியா.”

பழனியம்மா கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்தாள். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அந்தப் படியிலேயே இருந்து அழுதிருப்பேன். பேர்ணடெற் அம்மாவுக்குத்தான் வீண் கரைச்சல்.

வத்தளைக்கு அன்று பின்னேரம். களனிக்கு வெள்ளி. ஞாயிறு காலை நானும் அங்கம்மாவும் குசினி மேசையில் அடுத்தடுத்த கடிதங்களை எழுதிக்கொண்டிருக்க, போன் அடித்தது. பூபாலசிங்கம்.

“நாகேந்திரம், இப்ப எனக்கு வீட்டுக்கு ஒரு கோல். களனிப் பக்கத்தில ஆரோ ஒரு பிள்ளையை மறிச்சு வைச்சிருக்கிறாங்கள். என்ர நிறுவனத்துக் கடிதம் வைச்சிருக்கிறாளாம். எங்கட அறிக்கை பிழையெண்டு எங்கட தாளிலேயே எழுதியிருக்காம்.”

“ஓம் சேர். என்ன சொன்னனீங்கள்?”

“என்னத்தைச் சொல்ல விட்டனீர் நீர்? அந்தப் பிள்ளை பின்னால நிண்டு அழுறது எனக்குக் கேட்டது. ஓம், உண்மைதான் எண்டு சொல்லிப்போட்டன்.” அவருடைய மூச்சு கேட்டது. “விட்டுட்டாங்கள்.”

“நன்றி சேர்.”

“உம்மட நன்றியைக் கொண்டுபோய்க் கடலில போடும். நாளையிலயிருந்து நீர் வரத்தேவையில்லை. விளங்குதோ?”

“விளங்குது சேர்.”

“எத்தினை கடிதம் ஐசே எழுதினீர்?”

“முப்பத்தொன்பது. இன்னும் பதினொண்டு இருக்கு. கடிதத்தாள் முடியப்போகுது. நாளைக்கு என்ர சாமானை எடுக்க வரேக்க ஒரு கட்டுத் தருவீங்களோ?”

போனை அறைந்து வைத்தார். காது கொஞ்ச நேரம் விண்ணென்றது.

“வேலை போச்சுங்களா, ஐயா?” என்றாள் அங்கம்மா.

“போச்சு.”

அவள் தலையை ஆட்டினாள். ஆறுதல் ஒன்றும் இல்லை அதில். ஒரு ஆளைச் சரியான பக்கத்தில் எழுதிக்கொண்ட மாதிரி. பிறகு பட்டியலைத் தன் பக்கம் இழுத்து, அடுத்த பெயருக்கு நேரே விரலை வைத்தாள்.

“எழுவத்தாறு. இந்தப் புள்ள தெகிவளையில, ரயில் பாதைக்குக் கிட்ட. மழை பெஞ்சா வழியெல்லாம் சேறு. செருப்பு வேணாம், சப்பாத்துப் போட்டுக்குங்க.”